பதினோரு பல் சக்கரம்

பிரெஸ்டன் லூமிஸ் வெப்பம் பார்க்கும் துப்பாக்கியைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஏதோ கொள்ளைக்காரனைச் சுடப்போகிறவன் மாதிரி மோட்டாரைக் குறிபார்ப்பான். சிவப்புப் புள்ளி மோட்டாரின் ஓட்டில் விழும், சின்னத் திரையில் ஓர் எண் வரும், அதை அவன் கூட்டத்தைப் பார்த்து உரக்கப் படிப்பான். வெளி ஓடு எவ்வளவு சூடு என்பதை மட்டும்தான் அந்தத் துப்பாக்கி சொல்லும். உள்ளே சுற்றியிருக்கும் செப்புக் கம்பி எந்த லட்சணத்தில் வெந்துகொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிரெஸ்டனுக்கும் தெரியாது. நல்ல ஜோடிப் பொருத்தம்.

அவன்தான் எங்கள் அணியின் கேப்டன். மிச்சிகனின் பனி கொட்டும் வடகோடியில் இருக்கும் கெட்டில் ஹார்பர் உயர்நிலைப் பள்ளியின் ரோபோ அணியில் மொத்தம் பதினான்கு பேர். என் பெயர் பிரிட்டா கங்காஸ். ரோபோவின் அடிப்பாகம் முழுக்க என் பொறுப்பு: சக்கரங்கள், செயின், கியர் பெட்டி, ரோபோவை ஓட்டும் நான்கு மோட்டார்கள். பொறுப்பு என்றால், ஸ்பேனர் பிடிப்பது நான், முடிவெடுப்பது அவன். அவன் அப்பா டுவைன் லூமிஸ் ஊரில் பனிவண்டிக் கடை வைத்திருக்கிறார். எங்கள் சட்டையின் முதுகில் பள்ளியின் பெயரைவிட அந்தக் கடையின் பெயர்தான் பெரிதாக இருக்கும். அந்த எழுத்தின் அளவுதான் பிரெஸ்டனின் தகுதி. வேறு எதையும் நான் மூன்று வருடத்தில் கண்டதில்லை.

ஜனவரியில் ஆரம்பித்தது இது. மோட்டாரின் முனையில் ஒரு சின்னப் பல் சக்கரம் இருக்கும். அதில் பல் அதிகமென்றால் ரோபோ வேகமாக ஓடும், ஆனால் மோட்டார் திணறும். பல்லைக் குறைத்தால் வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும், மோட்டாரும் சூடேறாது. சைக்கிளில் மேடு ஏறிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பதினான்கு பல் வைத்தால் நொடிக்குப் பதினெட்டு அடி. பதினொன்று வைத்தால் பதினான்கு அடி. மைதானமே ஐம்பத்து நான்கு அடிதான். அதிலும் பாதி நேரம் எதிரி ரோபோவோடு முட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை. நான் கணக்குப் போட்டு, ஒரே பக்கத்தில் எழுதி, கூட்டத்தில் வைத்தேன்.

பிரெஸ்டன் அதை எடுத்து ஒரு மூலையில் பிடித்துத் தொங்கவிட்டுப் படித்தான்.

"பதினாலு அடியா? நம்ம ஊர் தபால் வண்டி இதவிட வேகமாப் போகும், பிரிட்டா."

"தபால் வண்டி யாரையும் முட்டித் தள்ள வேண்டியதில்ல" என்றேன்.

"நாமளும் வேண்டியதில்ல. வேகமா இருந்தா சுத்திக்கிட்டுப் போயிடலாம். அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

லூமிஸ் சார் காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். "வேகம்தான்டா விக்கும்" என்றார். அவருக்குப் பரிசுத்த வேதாகமத்தைக் கொடுத்தாலும் என்ன விலைக்குப் போகும் என்றுதான் பார்ப்பார்.

எட்டுப் பேர் சிரித்தார்கள். என் தாளின் மேல் ஒருத்தன் பீட்சாப் பெட்டியை வைத்தான். அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த அரைவேக்காடு தானாக என்னிடம் வந்து, "பிரிட்டா, என்ன பண்ணலாம்?" என்று கேட்கும்வரை இந்த விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. ஆனால் சாமான் பட்டியலில் பதினோரு பல் சக்கரம் நான்கையும் எழுதிச் சேர்த்துவிட்டேன், அதே இடத்தில் அப்படியே உட்காரும் ரகமாகப் பார்த்து. பிரெஸ்டன் பட்டியலைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அவை வந்ததும் ஒரு சின்ன உறையில் போட்டு என் ஏப்ரன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அவன் அந்த வாரம் "நொடிக்குப் பதினெட்டு அடி" என்று மஞ்சள் எழுத்தில் எட்டு அடி நீளத்துக்குப் பேனர் அடித்துக்கொண்டிருந்தான்.

அந்த அணியில் எனக்கு மதிப்பு இருந்த ஒரே ஆள் வெண்டல் ஓயாலா. ரோபோவை ஓட்டுகிறவன் அவன்தான். ஹாக்கியில் அவனைச் சேர்க்கவில்லை, பாண்டு வாத்தியத்தில் ஒரு வாரம் நின்றுபார்த்துவிட்டு வந்துவிட்டான், வகுப்பில் அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதும் இல்லை. ஆனால் அந்த இரண்டு கட்டுப்பாட்டுக் குச்சிகளைக் கையில் கொடுத்தால் அவன் வேறு ஆள். குளிர்காலம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில், பழைய ரோபோவைப் பள்ளி நடைபாதையில் பால் பெட்டிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகினான். ஒரு பெட்டியைக்கூட உரசமாட்டான். எங்களுக்கு அதுதான் பள்ளியில் கடைசி வருடம். மார்ச் மாதப் போட்டிதான் கடைசிப் போட்டி. அதில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம், இல்லையென்றால் அவன் அந்தக் குச்சிகளைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

போட்டி ஒரு கல்லூரி உள்ளரங்கில் நடந்தது. ரப்பர் வளையங்களைப் பொறுக்கிக் கம்பங்களில் மாட்ட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை நிமிடம். சனிக்கிழமை காலை முதல் ஆட்டத்தில் வெண்டல் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒன்பது வளையம் மாட்டிவிட்டான். பிறகு எதிரணியின் தடியன் ரோபோ ஒன்று வந்து மறித்துக்கொண்டது. வெண்டல் தள்ளினான். எங்கள் ரோபோ முனகியது, இழுத்தது, அப்புறம் நின்றே போனது. மோட்டார்க் கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகும் வாடை வேலி தாண்டி எனக்கு வந்தது. அந்த வாடை தெரிந்தவர்களுக்கு வேறு அளவுகோல் தேவையில்லை.

எங்கள் பிட்டுக்கு, அதாவது பேனர் கட்டி வைத்திருந்த பத்தடி இடத்துக்கு, ரோபோவைத் தள்ளிக்கொண்டு வந்தோம். பிரெஸ்டன் துப்பாக்கியை எடுத்தான்.

"நூத்தி அறுபத்தஞ்சு ஃபாரன்ஹீட்!" என்று அறிவித்தான். "வெண்டல், என்னடா பண்ணின? இட்லிப் பானை ஆக்கி வெச்சிருக்க!" அவன் உண்மையில் சொன்னது முட்டை பொரிக்கலாம் என்று. எனக்கு இட்லிப் பானைதான் பொருத்தமாகப் படுகிறது.

"தள்ளினேன், நகரல" என்றான் வெண்டல்.

"கட்டைவிரல முழுசா அமுக்கிக்கிட்டே இருந்தா எந்த மோட்டார்தான் தாங்கும்? மெதுவாத் தொடுடா. முட்டையத் தொடற மாதிரி."

வெண்டல் தலையாட்டினான். அடுத்த ஆட்டத்தில் முட்டையைத் தொடுகிற மாதிரித்தான் ஓட்டினான். அப்போதும் நின்றது, பத்து வினாடி தள்ளி. அதற்கு அடுத்ததில் யாரோடும் முட்டாமல் ஓரமாகவே சுற்றினான், அதிலும் நின்றது. ஒவ்வொரு முறையும் பிரெஸ்டன் அந்தத் துப்பாக்கியைக் காட்டி, எண்ணைச் சொல்லி, வெண்டலின் கட்டைவிரலைப் பார்த்தான். மற்ற பிள்ளைகளும் பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த விரலில்தான் ஏதோ நோய் இருப்பதுபோல.

நான் ஏப்ரன் பாக்கெட்டில் கையை விட்டு, உறைக்குள் இருந்த சக்கரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன். கேளடா, வந்து கேள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவன் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதில் அவன் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தான். அரங்கின் பின்னால் சரக்கு இறக்கும் பெரிய கதவு. அதற்கு வெளியே இடுப்பளவு பனி.

"கீழ் மிச்சிகன்காரனுங்களுக்கு இது கிடைக்குமா?" என்று கத்தினான். "கடவுள் குடுத்த ஃப்ரிட்ஜ்டா இது! தள்ளுங்க வெளில!"

தள்ளினார்கள். ரோபோவைப் பனிமேட்டில் நிறுத்தி, குப்பைப் பைகளில் பனியை வாரிக் கட்டி, நான்கு மோட்டார்களைச் சுற்றியும் அடுக்கினார்கள். எங்கள் அணியின் சின்னமான மூஸ் மான் வேஷம் போட்டிருந்தவன் கொம்பு ஆட ஆட ஆடினான். கூடவே பேட்டரி வண்டியையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள், எல்லாமே ஜில்லென்று இருக்கட்டும் என்று. லூமிஸ் சார் பக்கத்தில் நின்று படம் பிடித்தார். குளிரில் பேட்டரி செத்துப்போகும் என்பது எங்கள் ஊரில் காலையில் கார் எடுக்கும் எவருக்கும் தெரியும். அந்த மனிதர் கடையில் பேட்டரிக்குப் போர்த்தும் சூட்டுக் கம்பளம் ஓர் அலமாரி நிறைய வைத்து விற்கிறார். அவர்தான் பேட்டரியைப் பனியில் வைத்துவிட்டுப் பெருமையாகப் படம் எடுத்தார். நான் கதவில் சாய்ந்துகொண்டு ரசித்தேன். ஆமாம், ரசித்தேன் என்பதுதான் சரியான சொல்.

அன்றைக்கு மதியம் கூட்டணிகள் தேர்வு நடந்தது. வலுவான எட்டு அணிகள் ஆளுக்கு இரண்டு துணை அணிகளைப் பொறுக்கிக்கொள்ளும். விஸ்கான்சினிலிருந்து வந்த ஓர் அணியின் கேப்டன் தேயா பிராண்ட்வோல்ட், உயரமான பெண், சுற்றி வளைத்துப் பேசாதவள், எங்களைத் தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுத்த கையோடு எங்கள் பிட்டுக்கு வந்தாள்.

"உங்க டிரைவருக்காகத்தான் எடுத்தேன்" என்றாள் என்னிடம். "ஆனா ஒவ்வொரு ஆட்டத்திலயும் ரெண்டாவது நிமிஷத்துல செத்துப் போறீங்களே. கியர் என்ன வெச்சிருக்கீங்க?"

நேராகக் கேட்ட கேள்வி. கேட்டவளுக்குப் பதில் புரியும் என்றும் எனக்குத் தெரியும்.

"கேப்டன்கிட்ட கேளு" என்றேன்.

பிரெஸ்டன் வந்து பேனரைக் காட்டினான். "நொடிக்குப் பதினெட்டு அடி!" என்றான். தேயா பேனரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் இருந்த ஏளனம் எனக்கு இனித்தது. பாதி எனக்கும் சேர்த்து என்பது அப்போது உறைக்கவில்லை.

"சூடு விஷயத்த நாங்க பாத்துப்போம்" என்றான் பிரெஸ்டன். "எங்ககிட்ட ஒரு ரகசியம் இருக்கு."

"பாத்தேன். வெளில வெச்சுப் புதைச்சிட்டு இருந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. எல்லாரும் சரக்குக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பாஸ்டி தின்றார்கள், ஒரு கையில் இறைச்சி அடைத்த மாவு, மறு கையில் பனிப் பை. பாஸ்டிக்குக் கெச்சப்பா கிரேவியா என்று அந்தக் குளிரிலும் ஒரு சண்டை. ரோபோவின் கழுத்துவரை பனி.

உள்ளே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஏதோ ஓர் அணிக்கு வளையப் பூட்டைக் கழற்றும் இடுக்கி வேண்டுமாம். இந்தப் போட்டியில் அது வழக்கம். எதிரணியே ஆனாலும் சாமான் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், கொடுப்பதில் போட்டி போடுவார்கள். நான் என் பெட்டியிலிருந்து இடுக்கியை எடுத்துக்கொண்டு அரங்கின் மறுகோடிக்கு ஓடினேன். இரண்டாவது ஆளாக வந்தவன் ஏமாந்துபோனான். அந்த அணி எங்களுக்குக் காலிறுதியில் எதிரி. அவர்களுடைய மோட்டார் ஒன்றைக் கழற்ற நானே கை கொடுத்தேன், பத்து நிமிடம் நின்று. நன்றி சொல்லி எனக்கு ஒரு பேட்ஜ் குத்திவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது வெண்டல் பிட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். பாஸ்டியைத் தொடவில்லை.

"பிரிட்டா, உண்மையச் சொல்லு. நான்தான் மோட்டாரக் கொல்றேனா?"

"லூசா நீ? உன் கைல ஒரு தப்பும் இல்ல."

"அப்போ எதுல தப்பு?"

"ஜனவரியிலயே சொன்னேனே. அவனுங்க சிரிச்சானுங்க."

"அத அவன்கிட்ட இப்பச் சொல்லேன். இன்னொரு தடவ நின்னுச்சுன்னா என்ன எடுத்துட்டு அவனே ஓட்டப் போறானாம். அப்பாகிட்ட சொல்லிட்டு இருந்தான், கேட்டேன்."

"அவன் வந்து கேட்கட்டும், சொல்றேன்."

"அவன் கேக்கமாட்டான்னு உனக்கே தெரியும்."

"அப்போ அனுபவிக்கட்டும்" என்றேன்.

 வெண்டல் தன் விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கெடுத்தான். என் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் பிரெஸ்டனிடம் ஓடுவான், பிரெஸ்டன் அதைத் தன் யோசனையாக ஒலிபெருக்கியில் சொல்வான், லூமிஸ் சார் படம் எடுப்பார். எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது அவன் முகம் தொங்குவது.

காலிறுதியின் முதல் ஆட்டத்தில் ஜெயித்துவிட்டோம். ஒரு மணி நேரம் பனியில் புதைத்தால் பிரெஸ்டன்கூடத்தான் குளிர்ந்துவிடுவான், மோட்டார் குளிராதா? உள் கம்பிவரை நிஜமாகவே குளிர்ந்திருந்தது. பேட்டரி மட்டும் கொஞ்சம் தள்ளாடியது. வெண்டல் பதினான்கு வளையம் மாட்டினான், கடைசி ஐந்து வினாடியில் ரோபோ முனகியதை நான் மட்டும்தான் கேட்டேன். பிரெஸ்டன் மூஸ் மானைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். பனிதான் ஜெயித்ததாம்.

மூன்று ஆட்டத்தில் இரண்டில் ஜெயித்தால் அரையிறுதி. ஆனால் இனி ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் எட்டே நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் ரோபோவை ஓட ஓட வெளியே தள்ளிக்கொண்டு போய், பனியை அப்பி, துப்பாக்கியால் சுட்டான் பிரெஸ்டன்.

"நாற்பது ஃபாரன்ஹீட்! உறையற முப்பத்திரண்டுக்கு இன்னும் எட்டுதான்!"

கூட்டம் கை தட்டியது. ஓடு நாற்பதுதான். உள்ளே கம்பி கொதித்துக்கொண்டிருந்தது. குளிரில் விறைத்த பேட்டரியை எடுத்துச் செருகினார்கள். பேட்டரி பலவீனமானால் மோட்டார் இன்னும் திணறும், திணறினால் இன்னும் சூடாகும். தங்கள் கையாலேயே அதற்குக் கொள்ளி வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒரு நிமிடம் இருபது வினாடியில் நின்றது. நடு மைதானத்தில், வளையத்தை வாயில் கவ்விக்கொண்டு. தோற்றோம். மூன்றாவது ஆட்டம்தான் தீர்ப்பு.

வேலிக்கு வெளியே வந்ததுமே பிரெஸ்டன் ஆரம்பித்தான். தேயா நின்றிருந்தாள், அணியில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள்.

"மோட்டார் நாற்பதுல உள்ள போச்சு. நாற்பது! எல்லாரும் பாத்தீங்க. அப்புறமும் ஒன்றரை நிமிஷத்துல செத்துச்சுன்னா என்ன அர்த்தம்? ஓட்டறவன் சரியில்லன்னு அர்த்தம். குச்சியக் குடு வெண்டல்."

தேயா குறுக்கே வந்தாள். "ஏய், என்ன பண்ற? அவனுக்காகத்தான் உங்கள எடுத்தேன்."

"எங்க டீம், எங்க முடிவு."

வெண்டல் பிரெஸ்டனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். கியர்தான் தப்பு, இவன் கை இல்லை என்று தேயாவின் முன்னால் சொல்லியிருந்தால் பிரெஸ்டனால் குச்சியைத் தொட்டிருக்க முடியாது. எட்டு நிமிடத்தில் சக்கரத்தை மாற்ற முடியாதுதான். வார்த்தை சொல்ல முடியும்.

நான் சொல்லவில்லை. ஏன் என்று நன்றாகத் தெரியும், அதை மறைத்துப் பயனில்லை. ரோபோ மறுபடியும் சாகப்போகிறது. வெண்டல் கையில் செத்தால் அது வெண்டலின் தப்பாகப் போகும். பிரெஸ்டன் கையில் சாகட்டும். நானூறு பேருக்கு முன்னால், அவன் கட்டைவிரலுக்குக் கீழே சாகட்டும். அந்தக் காட்சிக்காக நான் ஜனவரியிலிருந்து காத்திருக்கிறேன்.

வெண்டல் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டான். கழுத்தில் மாட்டியிருந்த ஓட்டுநர் அட்டையையும் கழற்றி, கயிற்றைச் சுருட்டி, பெட்டியின் மேல் வைத்தான்.

பிரெஸ்டன் ஓட்டியதைப் பற்றி என்ன சொல்ல? முதல் பதினைந்து வினாடியில் கூட்டணி ரோபோவையே இடித்தான். வளையத்தைப் பொறுக்கப் போய் அதை எதிரியின் பக்கம் உதைத்தான். நொடிக்குப் பதினெட்டு அடி வேகத்தில் சுவரில் போய் மோதினான், பேனரில் எழுதியதைப் பொய்யாக்காமல். பிறகு எதிரணியின் தடியன் ரோபோ ஒன்று வந்து நெஞ்சோடு நெஞ்சாக நின்றது. பிரெஸ்டன் இரண்டு குச்சியையும் முன்னால் தள்ளிப் பிடித்தான், முட்டையைத் தொடுகிற மாதிரி எல்லாம் இல்லை. ஐம்பதாவது வினாடியில் நின்றது. இந்த முறை வாடை மட்டுமில்லை, மெல்லிய புகையும் வந்தது.

நான் சிரித்தேன். மனதுக்குள் இல்லை, வாய்விட்டு. பக்கத்திலிருந்த தேயாவின் அணிக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவர்கள் இரண்டு ரோபோவை வைத்துக்கொண்டு மூன்றோடு மல்லுக்கட்டி, பன்னிரண்டு புள்ளியில் தோற்றார்கள். அவர்களுக்கும் அது கடைசிப் போட்டிதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். பேனரை யாரோ ஏற்கெனவே சுருட்டிவிட்டிருந்தார்கள். லூமிஸ் சார் வேனைச் சூடாக்கப் போயிருந்தார். பிரெஸ்டன் ரோபோவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துப்பாக்கி இல்லாமல், வெறும் கையால் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். அழுதிருந்தான் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"பிரிட்டா" என்றான். "என்ன பண்ணியிருக்கணும்?"

வந்துவிட்டது. இதற்குத்தானே இரண்டு மாதம். ராத்திரி படுக்கையில் ஒத்திகை பார்த்த மாதிரியே, அவசரமில்லாமல் பாக்கெட்டில் கைவிட்டு, உறையைப் பிரித்து, நான்கு சக்கரங்களையும் மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தேன்.

"பதினோரு பல்லு" என்றேன். "நீ கையெழுத்துப் போட்டு வாங்கினதுதான். படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவன் முகம் நான் நினைத்ததுபோலவே தொங்கியது. அதைப் பார்த்து முடிப்பதற்குள், வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வெண்டல் மேசைக்கு வந்துவிட்டான். ஒரு சக்கரத்தை எடுத்து, நகத்தால் பல்லை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். பதினொன்றுதான்.

"இது உன்கிட்ட எப்போலருந்து இருக்கு?"

"ஜனவரி கடைசிலருந்து."

"நாலையும் மாத்த எவ்ளோ நேரம் ஆகும்?"

"எனக்கா? இருபத்தஞ்சு நிமிஷம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"மத்தியானம் ஒரு மணி நேரம் இருந்துச்சு" என்றான் வெண்டல். குரலை உயர்த்தவில்லை. "அப்போ நீ இடுக்கிய எடுத்துக்கிட்டு ஓடின. நம்மள ஜெயிச்சவங்களுக்கு மோட்டாரக் கழட்டிக் குடுத்துட்டு வந்த. பேட்ஜ் குத்தியிருக்காங்க பாரு."

என் கை பேட்ஜுக்குப் போனது. குனிந்து பார்த்தேன்.  

"அவன் கேக்கல வெண்டல்" என்றேன்.

"நான் கேட்டேன்" என்றான்.

நான்கு சக்கரங்களையும் பொறுக்கி உறையில் போட்டான். உறையின் வாயை மடித்தான். கிட்டே வந்து அதை என் ஏப்ரன் பாக்கெட்டுக்குள் தானே வைத்தான், ஒருவருடைய பொருளை ஒருவரிடம் திருப்பிக் கொடுப்பதுபோலப் பத்திரமாக. பிறகு பிரெஸ்டனிடம், "வாடா, அந்தப் பக்கம் பிடி" என்றான். இருவரும் ரோபோவை வண்டியில் தூக்கி வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கருகில் போகும்போது பிரெஸ்டன் அவனிடம் என்னவோ சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு. வெண்டல் அவன் தோளில் தட்டினான். அந்த அரைவேக்காட்டுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு மூன்று மணி நேரப் பயணம். வேனில் என் பக்கத்து இருக்கையில் ரோபோவின் பேட்டரிகளை அடுக்கியிருந்தார்கள். பனியில் கிடந்த குளிர் இன்னும் அவற்றை விட்டுப் போகவில்லை. நான் பாக்கெட்டில் கையை விட்டேன். நாள் முழுக்க என் உடம்போடு ஒட்டியிருந்ததால், அந்த நான்கு சக்கரங்கள் மட்டும் கதகதப்பாக இருந்தன.